அரை மேசை

“அம்மா, சனிக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கா?”

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன் இப்படிக் கேட்டபோது நான் வியந்துபோனேன். சில மாதங்களாகவே அவன் என்னிடம் எதையும் கேட்பதில்லை. நான்தான் கேட்பேன்; அவன் “ம்” என்பான். அவ்வளவுதான் எங்கள் உரையாடல்.

“இல்லையே, தம்பி. ஏன்?”

அவனை நாங்கள் தம்பி என்றுதான் அழைப்போம். அவன் அக்காள் கூப்பிட்ட பெயர் வீட்டில் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது.

“சமூக மன்றத்துல ஒரு சின்ன கண்காட்சி. டிராகன், மந்திரவாதி, அந்த மாதிரி கதை, படம், விளையாட்டு எல்லாம் இருக்கும். நான் அரை மேசை எடுத்திருக்கேன். என் வயசுக்கு, பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணுமாம். அப்பாவுக்கு அன்னைக்கு வேலை.”

ஆக, என்மீதுள்ள அன்பினால் வந்த அழைப்பன்று அது. விதிமுறையினால் வந்த அழைப்பு. இருந்தாலும் அழைப்பு அழைப்புதானே! “வர்றேன்” என்றேன். அரை மேசை என்றால் என்ன என்று பிறகுதான் கேட்டேன். ஒரு மேசையை இருவர் பகிர்ந்துகொண்டு, தாங்கள் வரைந்தவற்றையோ செய்தவற்றையோ விற்பார்களாம். அதற்கு முப்பது வெள்ளி வாடகை. தீபாவளிக்கு உறவினர்கள் கொடுத்த பணத்திலிருந்து அவன் அதைக் கட்டியிருந்தான். அட்டைகளை அச்சடித்ததும் அதே பணத்தில்தான். எனக்கு எதுவுமே தெரியாது.

எனக்கு ஏன் தெரியவில்லை என்பதைச் சொல்லவேண்டுமானால், அந்தத் தீபாவளிக்கு முந்தைய வாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும்.

பாடநூல்களும் பயிற்சிகளும் தயாரிப்பது என் வேலை. வரைவுத் தாள்கள் வீட்டில் குவிந்து கிடக்கும். அவற்றின் வெற்றுப் பக்கத்தில் தம்பி சிறுவயதிலிருந்தே படம் வரைவான். பண்டிகைக்காக வீட்டைச் சுத்தம் செய்த அன்று, வரவேற்பறை மேசையின்கீழ் ஒரு தாள்கட்டு கிடந்தது. ஒருபக்கம் நான் எழுதிய கருத்தறிதல் பயிற்சி. மறுபக்கம் சிங்கத் தலையும் துதிக்கையும் கொண்ட விலங்குகள், பறக்கும் கப்பல்கள், வாளேந்திய கிழவிகள். தேர்வு முடிந்து அவன் மதிப்பெண்கள் குறைந்திருந்த நேரம். நான் அவற்றைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மற்றக் குப்பையோடு சேர்த்துக் குப்பைக் குழாயில் போட்டேன். நாங்கள் பதினோராம் மாடியில் இருக்கிறோம். தாள்கள் கீழே போய்ச் சேரும் ஓசைகூடக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் தேடினான். “பழைய தாள்னு நெனச்சுப் போட்டுட்டேன் போல” என்றேன். அவன் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அதன்பிறகு வரவேற்பறையில் அவனுடைய தாள் ஒன்றுகூடக் கிடந்ததில்லை.

கண்காட்சி இரண்டாம் மாடியில் இருந்த பல்நோக்கு அரங்கில் நடந்தது. பெரிய கண்காட்சி மண்டபங்களில் ஆயிரக்கணக்கானோர் வரிசை பிடிக்கும் விழாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது அப்படிப்பட்டதன்று. பூப்பந்தாட்டக் கோடுகள் போட்ட தரையில் ஏறத்தாழ இருபது மேசைகள். மேடையின்மேல் விளையாட்டுக்காக ஐந்து வட்டமேசைகள். நுழைவாயிலில் ஒருவர் கையில் முத்திரை குத்தினார். பக்கத்து அறையில் மூத்தோருக்கான கரவோக்கே வகுப்பு. அன்று முழுவதும் டிராகன்களுக்குப் பின்னணி இசையாகப் பழைய சீனப் பாடல்கள் ஒலித்துக்கொண்டிருந்தன.

இவ்வகைக் கதைகளைத் தமிழில் மிகுபுனைவு என்கிறோம். நடக்க இயலாதவை நடக்கும் உலகத்தை, அதற்கென ஒரு விதிமுறையோடு படைத்துக் காட்டும் கதைகள் அவை. பேசும் வேதாளத்தையும் யாளியையும் அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால், இக்கதைகளை விரும்புவோர் ஓரிடத்தில் கூடும் வழக்கம் அண்மைக்காலத்தது. 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. வந்தவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர். அவர்களுள் இருவர் வருங்கால மனிதர்களைப்போல் உடையணிந்து வந்து மற்றவர்களைத் திகைக்க வைத்தார்களாம். இன்று கதைமாந்தரைப்போல் வேடமணியும் வழக்கத்திற்கு அவர்களை முன்னோடிகள் என்பார்கள்.

தம்பி தன் அரை மேசையில் கறுப்புத் துணியை விரித்தான். அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். ஆறு வகைப் படங்கள். ஒன்றின் விலை மூன்று வெள்ளி. மறுபாதியில் ஓர் இளம்பெண் களிமண்ணில் செய்த டிராகன் தோடுகளை வைத்திருந்தார்.

நான் அட்டைகளைக் குனிந்து பார்த்தேன். குப்பைக் குழாயில் போன அதே விலங்குகள் மறுபடியும் பிறந்து வந்திருந்தன. முன்பைவிடக் கோடுகள் திருத்தமாக இருந்தன. ஓர் அட்டையில் மட்டும் விலங்கு இல்லை. கடற்கரையில் ஒரு பெரிய மனிதர் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். மலைபோன்ற தோள்கள், தொங்கிய தலை. தொலைவில் ஏழு கப்பல்கள். அடியில் தமிழில் ஒரு வரி: ‘ஊருக்குப் போக ஒரு கப்பள் கிடைக்குமா?’

கப்பள்.

என் வேலையே இதுதான். இருபது ஆண்டுகளாக லகர ளகர வேறுபாட்டைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கை தானாகவே கைப்பையிலிருந்த பேனாவைத் தேடியது. எத்தனை அட்டைகள் என்று எண்ணினேன். முப்பது. முப்பதிலும் கப்பள். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். கேட்கக்கூடிய தாயாகவா நான் இருந்தேன் என்று அடுத்த கணமே தோன்றியது. பேனாவை விட்டுவிட்டு, “நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னேன். அவன் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

முதல் ஒரு மணிநேரம் யாரும் எதையும் வாங்கவில்லை. வருவார்கள், பார்ப்பார்கள், புன்னகை செய்வார்கள், தோடுகளைப் பார்க்க நகர்ந்துவிடுவார்கள். பிள்ளையின் கடையில் யாரும் நிற்காததைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல் கடினமான வேலை வேறில்லை. நான் அட்டைகளை நேராக்கினேன். பிறகு வளைத்து அடுக்கினேன். கடந்துசென்ற ஒருவரை “வாங்க, பாருங்க” என்று ஆங்கிலத்தில் அழைத்தும்விட்டேன்.

“அம்மா, நீங்க கொஞ்சம் சுத்திப் பாத்துட்டு வாங்களேன்” என்றான் தம்பி, பல்லைக் கடித்தபடி.

துரத்தப்பட்ட நான் அரங்கைச் சுற்றினேன்.

வெள்ளிக் கவசமணிந்த பெண்ணொருத்தி மின்தூக்கிக்கு அருகே நின்று, பொட்டலத்திலிருந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கவசத்தைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். இரும்பில்லை, நுரைப்பாய்! உடற்பயிற்சிக்கு விரிப்போமே, கிட்டத்தட்ட அதே பொருள். வெட்டி, சூடான காற்றுப் பாய்ச்சி வளைத்து, பசையால் ஒட்டி, அதன்மேல் வெள்ளி வண்ணம் பூசியிருந்தார். மூன்று மாத வேலை என்றார். உட்காரத்தான் முடியாதாம்.

அடுத்த மேசையில் ஓய்வுபெற்ற தொழில்நுட்பர் ஒருவர், கட்டைவிரல் உயரமுள்ள வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். தலையில் உருப்பெருக்கிக் கண்ணாடி. கண்ணின் கருமணியை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். நானும் அவருடன் சேர்ந்து மூச்சை அடக்கினேன்.

பழைய புத்தகங்கள் விற்ற மேசையில் டோல்கினின் நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவர் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் மொழிப் பேராசிரியராக இருந்தவர். தம் கதைமாந்தர் பேசும் மொழிகளையே இலக்கணத்தோடும் எழுத்துகளோடும் உருவாக்கினார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ அவருடைய புகழ்பெற்ற படைப்பு. மொழி கற்பிப்பவர்களுக்கும் இந்த அரங்கில் இடமுண்டு என்று எண்ணி, சற்றே நிமிர்ந்து நடந்தேன். அதே மேசையில் சன்னி லியூவின் சார்லி சான் ஹொக் சாய் பற்றிய படக்கதை நூலும் இருந்தது. மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் அந்த ஓவியர், அந்நூலுக்காக 2017இல் மூன்று ஐஸ்னர் விருதுகள் பெற்றவர். படக்கதைத் துறையில் அது மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்று. அவர் வீட்டில் வரவேற்பறை மேசையின்கீழ்க் கிடந்த தாள்களை யாரேனும் தூக்கிப் போட்டிருப்பார்களோ என்று தேவையில்லாமல் யோசித்தேன்.

மேடைமேல் ஒரு வட்டமேசையில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. “ஆன்ட்டி, ஒருத்தர் குறையுது, வரீங்களா?” என்று முக்காடு அணிந்த மலாய்ப் பெண் ஆங்கிலத்தில் அழைத்தார். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. அவர்தான் அந்த விளையாட்டின் கதைசொல்லி. மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு வயதுச் சீனச் சிறுவன், அவன் தந்தை, இளந்தம்பதி ஒருவர், அவர்களோடு நான்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் அவ்விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கியது. இதில் பலகையோ காயோ கட்டாயமில்லை. கதைசொல்லி ஒரு சூழலைச் சொல்வார். நாம் நம் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்லவேண்டும். அது கைகூடுமா, கூடாதா என்பதைப் பகடை சொல்லும். நான்குமுகப் பகடை முதல் இருபதுமுகப் பகடை வரை கைநிறையப் பகடைகள்! என் பாட்டி தரையில் உருட்டிய பித்தளைத் தாயக்கட்டைதான் எனக்குத் தெரிந்த பகடை. அதில் தாயம் விழுந்தால்தான் காய் வெளியே வரும். ஒன்று விழவேண்டும் என்று வேண்டிக்கொள்வோம். இங்கோ இருபது முகப் பகடையில் ஒன்று விழுவதுதான் ஆகக் கெட்டது. பாட்டி கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

நான் மொழிபெயர்ப்பாளர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன். எல்லா மொழியும் தெரியும். வாள் பிடிக்கத் தெரியாது. ஆற்றின் குறுக்கே ஒரு பாலம். பாலத்தைக் காக்கும் கற்சிங்கம் வழிவிட மறுக்கிறது. கதைசொல்லி என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் என்ன செய்கிறீர்கள்?”

எனக்கு வியர்த்துவிட்டது. என் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான கேள்விகளை நான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் விடைக்குறிப்பு இருக்கும். எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றும் இருக்கும். இந்தக் கேள்விக்கு விடைக்குறிப்பே இல்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். “சிங்கத்திடம் அதன் மொழியில் பேசிப் பார்க்கிறேன்” என்றேன், மெல்லிய குரலில். பகடையை உருட்டினேன்.

ஒன்று விழுந்தது.

மேசையே ஆரவாரித்தது. நான் சிங்கத்தின் மொழியில் வணக்கம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அதன் தாயாரை இழிவாகப் பேசிவிட்டேனாம். சிங்கம் வாலைச் சுழற்றியது. ஐவரும் ஆற்றில் விழுந்தோம். “மன்னிச்சிடுங்க” என்றேன் உண்மையாகவே. “ஐயோ ஆன்ட்டி, இப்பத்தான் கதை சூடு பிடிச்சிருக்கு!” என்றான் அந்தச் சிறுவன். அவன் சொன்னது சரிதான். ஆற்றின் அடியில் ஒரு குகை வாசல் இருந்தது. பாலத்தைக் கடந்திருந்தால் அதை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம். அந்த விளையாட்டில் ஒருவர் வென்று மற்றவர் தோற்பதில்லை. எல்லாரும் ஒரே பக்கம். ஒன்றரை மணிநேரம் போனதே தெரியவில்லை. குகைக்குள்ளும் நான் இரண்டு முறை தவறு செய்தேன். அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல இங்கு இடமில்லை.

கீழே இறங்கி வந்தபோது தம்பியின் மேசைமுன் ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வயது முதிர்ந்த மலாய்க்காரர் ஒருவர், பேத்தியின் கையைப் பிடித்தபடி, கடற்கரை அட்டையைக் கையில் வைத்திருந்தார்.

“இது பாடாங்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்ல, அங்கிள். பாடாங்கிடம் தோற்றவர்.”

பெரியவர் உரக்கச் சிரித்தார். பேத்திக்குக் கதையைச் சொல்லத் தொடங்கினார். ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூலில் உள்ள கதை அது. பாடாங் என்பவன் அடிமையாக உழைத்தவன். அவன் வலையில் விழும் மீன்களை ஒரு பூதம் தின்றுவந்தது. அவன் அதைப் பிடித்து, அதனால் பெரும் உடல்வலிமை பெற்றான். சிங்கப்பூர் மன்னனின் வீரனானான். அவன் புகழைக் கேள்விப்பட்டுக் கலிங்க மன்னன் தன் மாவீரனை ஏழு கப்பல்களோடு அனுப்பினான். கப்பல்களில் இருந்த சரக்கே பந்தயப் பொருள். அரண்மனைமுன் கிடந்த பெரும்பாறையைக் கலிங்க வீரனால் முழங்கால் உயரத்திற்குத்தான் தூக்க முடிந்தது. பாடாங்கோ அதைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்திற்கே எறிந்துவிட்டான். 

கதையில் வரும் பாறை இதுதான் என்று சொல்லப்படும் ஒரு கல்வெட்டுப் பாறை உண்மையாகவே சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தது. 1843இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். அதன் துண்டொன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதிலுள்ள எழுத்துகளை இன்றுவரை யாராலும் முழுமையாகப் படித்தறிய முடியவில்லை. மலாய் நூல்களில் கலிங்கம் என்பது பெரும்பாலும் தென்னிந்தியாவைக் குறிக்கும். அப்படிப் பார்த்தால் கடற்கரையில் உட்கார்ந்திருப்பவர் ஒருவகையில் நமக்கும் உறவினர்தான்.

“எல்லாரும் வென்றவனைத்தானே வரைவார்கள்? நீ ஏன் இவரை வரைந்தாய்?” என்று கேட்டார் பெரியவர்.

தம்பி சற்றுநேரம் பேசவில்லை. வீட்டில் என்றால் “ம்” என்று முடித்திருப்பான்.

“ஏழு கப்பல் சரக்கையும் தோத்துட்டார் இல்லையா, அங்கிள்? அப்புறம் அவர் எப்படி ஊருக்குப் போனார்? வீட்டுல போய் என்ன சொல்லியிருப்பார்? அதை நான் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

பெரியவர் அட்டையை மீண்டும் பார்த்தார். அடியிலிருந்த வரியைச் சுட்டிக்காட்டி, “இதைப் படித்துக் காட்டு” என்றார். தம்பி படித்தான். வீட்டில் உறவினர் முன்னிலையில் தமிழ் படிக்கச் சொன்னால் நெளிபவன், அரங்கம் கேட்கப் படித்தான். பிறகு மலாயில் பொருள் சொன்னான். பேத்தி அந்தத் தமிழ் வரியைத் தன்னால் முடிந்தமட்டும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பெரியவர் இரண்டு அட்டைகள் வாங்கினார். பின்னால் நின்றவர்களும் அதே அட்டையைக் கேட்டார்கள்.

மாலைக்குள் அந்த அட்டையில் பதினொன்று விற்றன. மற்றவற்றில் மொத்தம் ஐந்து. வாடகைக்குமேல் பதினெட்டு வெள்ளி வந்தது. அச்சுச் செலவைக் கணக்கில் சேர்த்தால் நட்டம்தான். தம்பி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. நானும் போட்டுக் காட்டவில்லை.

திரும்பும்போது பெருவிரைவு ரயிலில் அருகருகே உட்கார இடம் கிடைத்தது. மூன்று நிலையங்கள் வரை இருவரும் பேசவில்லை.

“தம்பி.”

“ம்.”

“தீபாவளிக்கு முன்னாடி, உன் படங்களை... பழைய தாள்னு நெனச்சுப் போட்டுட்டேன்னு சொன்னேன் இல்ல? அது பொய். பாத்துட்டுத்தான் போட்டேன்.”

ரயில் சுரங்கத்திற்குள் நுழைந்தது. எதிர்க் கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தன.

“தெரியும்” என்றான். “கதவு திறந்துதான் இருந்துச்சு. நான் உள்ளேருந்து பாத்தேன்.”

நான் என்ன சொல்வது? “மன்னிச்சிடு” என்றேன். மேடைமேல் அந்நியர் ஐவரிடம் அவ்வளவு எளிதாக வந்த சொல், இங்கே தொண்டையிலேயே நின்று நின்று வந்தது. அவன் “சரி” என்று சொல்லவில்லை. “பரவாயில்லை” என்றும் சொல்லவில்லை. மடியிலிருந்த அட்டைப்பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். எழுந்து வேறிடத்திற்குப் போகவும் இல்லை.

இன்னும் இரண்டு நிலையங்கள் சென்றன.

“கப்பல் தப்பு, இல்ல?” என்றான் திடீரென்று.

“உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“காலையிலேயே. உங்க முகத்தைப் பாத்து.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் உதட்டைக் கடித்துக்கொண்டான். வீட்டிற்குப் போனதும் வெள்ளை மை எடுத்து மிச்சமிருந்த பத்தொன்பது அட்டைகளையும் திருத்திக் கொடுப்பதாகச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான். வேண்டாம், வாங்கியவர்களிடம் இருப்பதும் தன்னிடம் இருப்பதும் ஒரேமாதிரி இருக்கட்டும், அடுத்த முறை அச்சடிக்கும்போது முன்கூட்டியே காட்டுகிறேன் என்றான். பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான். நான் பணப்பையைத் திறந்து மூன்று வெள்ளி கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டான்.

அந்த அட்டை இப்போது என் அலுவலக மேசையில், கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சக அதிகாரிகள் மூவர் இதுவரை அதிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.